கோட்டுப் பையில் இருந்த துப்பறியும் நாவல்

1922ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் பீக்கன்ஸ்பீல்ட் என்னும் சிறு நகரில் அக்காலத்தில் கத்தோலிக்கருக்கென ஓர் ஆலயம் இருக்கவில்லை. புகையிரத நிலையத்துக்கு அண்மையிலிருந்த விடுதியொன்றின் நடன மண்டபமே சிற்றாலயமாகப் பயன்பட்டு வந்தது. தகரக் கூரை போட்ட கொட்டகை அது. பிற்பகல் மூன்று மணியளவில் அதை நோக்கிச் சிலர் புறப்பட்டனர். இருவர் குருக்கள். ஒருவர் நாற்பத்தெட்டு வயதான, மலைபோன்ற உடல்வாகு கொண்ட எழுத்தாளர். அவருடைய மனைவியும் உடனிருந்தார். எழுத்தாளர் அன்றுதான் கத்தோலிக்க திருச்சபையில் சேரவிருந்தார்.

திடீரெனக் குருக்களில் ஒருவர், சடங்குக்கு வேண்டிய செபப் புத்தகத்தைக் கொண்டுவந்தாரா என்று அவரிடம் கேட்டார். எழுத்தாளர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை வெளியே இழுத்தார். அது செபப் புத்தகமல்ல. மூன்று பென்சுக்கு விற்கும் மலிவான மர்ம நாவல்! அவரோ கொஞ்சமும் கூச்சப்படவில்லை. தொடர்ந்து பைகளைத் துழாவி, கடைசியில் செபப் புத்தகத்தையும் கண்டெடுத்தார்.

அவர்தான் கில்பேட் கீத் செஸ்டர்டன். ஏறத்தாழ எண்பது நூல்களை எழுதியவர். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில மொழியில் கத்தோலிக்க விசுவாசத்துக்காக வாதாடிய பொதுநிலையினருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர்.

எங்கள் குடும்பங்களில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளை பாடப் புத்தகத்துக்குள் மர்மக் கதையை மறைத்து வைத்து வாசிக்கின்றானே, கொலையும் களவும் நிறைந்த கதைகள் அவன் ஆன்மாவைக் கெடுத்துவிடாவா என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூறுவதைவிட, இந்த மனிதரின் வாழ்க்கையைச் சற்று நோக்குவது பயனுடையது. ஒரே பையில் மர்ம நாவலையும் செபப் புத்தகத்தையும் அவரால் எப்படிச் சுமக்க முடிந்தது?

பொன் திறப்பும் பொம்மை அரங்கும்

செஸ்டர்டன் 1874ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி இலண்டனின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை எட்வேர்ட் வீடு, காணி விற்பனை முகவர். ஆனால் வீட்டில் இருக்கும்போது அவர் ஒரு வித்தைக்காரர். அட்டையால் பொம்மைகள் வெட்டி, சிறு நாடக அரங்கொன்றை அமைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பாலமொன்றைக் கடந்து வரும் இளைஞன், அவன் கையில் பெரிய பொன் திறப்பு, எதிரே கோபுரமொன்றில் ஓர் இளம்பெண். தம் வாழ்வின் மிக முந்திய நினைவு தந்தை காட்டிய இந்த அட்டைக் காட்சிதான் என்று செஸ்டர்டன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டிலும் துயரம் இருந்தது. மூத்த சகோதரி பீற்றிஸ், கில்பேட் சிறு குழந்தையாய் இருந்தபோதே இறந்துபோனாள். 1879இல் தம்பி செசில் பிறந்தான். இவ்விரு சகோதரரும் வளர்ந்தபின் நாள்தோறும் ஓயாது விவாதித்தனர். ஆனால் அன்பு முறியச் சண்டையிட்டதில்லை.

கில்பேட் பிந்தித்தான் வாசிக்கப் பழகினார். பழகியபின் எவராலும் அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. தேவதைக் கதை, வீரக் கதை, கள்வர் கதை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். பாடசாலையில் கனவு காணும் மாணவன் என்றே பெயரெடுத்தார். அங்கே நண்பர்கள் சேர்ந்து விவாதக் கழகமொன்றை அமைத்தனர். அவர்களுள் நெருங்கியவர் எட்மண்ட் பென்ற்லி. இந்த நட்பும் மர்மக் கதையில்தான் மணம் வீசியது. செஸ்டர்டன் 1908இல் எழுதிய வியாழன் என்னும் மனிதன் என்ற நாவலைப் பென்ற்லிக்குக் காணிக்கையாக்கினார். 1913இல் பென்ற்லி எழுதிய ட்ரென்ற் துப்பறிவாளரின் நாவல் செஸ்டர்டனுக்குக் காணிக்கையானது. ஆங்கிலத் துப்பறியும் இலக்கியத்தில் அது ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுகிறது.

இருள் சூழ்ந்த காலமும் அவருக்கு இருந்தது. ஓவியக் கல்லூரியில் பயின்ற இளமை நாட்களில் நம்பிக்கையின்மை அவரைப் பற்றிக்கொண்டது. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லப்படும் பலகையை வைத்து விளையாடினார். தீமை என்பது புத்தகத்தில் மட்டுமுள்ள சொல் அல்ல, தம் உள்ளத்திலேயே குடியிருக்கக் கூடிய ஒன்று என்பதை அந்த நாட்களில்தான் உணர்ந்தார். படிப்பை முடிக்காமலே வெளியேறி, பதிப்பகங்களில் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வாசிப்பதற்குச் சம்பளம்! அவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறு என்ன இருந்திருக்கும்?

பிரான்சிஸ் என்னும் துணைவி

1896இல் பிரான்சிஸ் புளொக் என்னும் பெண்ணைச் சந்தித்தார். அவள் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவள். சமயத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இருந்த அந்த வட்டாரத்தில், சமயத்தை உண்மையில் கடைப்பிடித்தவள் அவள். அதுவே செஸ்டர்டனை வியக்கச் செய்தது. 1901ஆம் ஆண்டு யூன் 28ஆம் திகதி இருவரும் மணம் முடித்தனர்.

திருமண நாளன்று அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். தேனிலவுப் பயணத்துக்குப் புறப்பட்ட வழியில், சிறுவயதில் தாயோடு சென்ற பாற்கடையில் நின்று ஒரு குவளை பால் அருந்தினார். பின்னர் இன்னொரு கடைக்குள் போய் ஒரு கைத்துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாங்கினார். போகுமிடத்தில் கொள்ளையர் வந்தால் மனைவியைக் காக்க வேண்டுமல்லவா? இதற்கிடையில் பயணப் பொதிகள் முன்னே போய்விட்டன; புகையிரதமும் புறப்பட்டுவிட்டது. வாசித்த கதைகள் அவருடைய இரத்தத்தில் எவ்வளவு ஊறியிருந்தன என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அந்த மனிதரோடு வாழ்வது எவ்வளவு பொறுமையை வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

அதே 1901ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியொன்றில், மலிவுப் பதிப்புக் கதைகளுக்காகவும் துப்பறியும் கதைகளுக்காகவும் அவர் வாதாடியிருந்தார். சிறுவர் குற்றம் செய்தால் அவர்கள் வாசித்த மலிவுக் கதைகளே காரணம் என்று படித்தவர்கள் பழிபோட்ட காலம் அது. செஸ்டர்டன் இதை ஏற்கவில்லை. அந்தக் கதைகள் கலை நயம் குறைந்தவையாக இருக்கலாம். ஆனால் வீரம் நல்லது, துரோகம் கெட்டது, ஏழையைக் காப்பது கடமை என்ற அடிப்படை ஒழுக்கத்தை அவை ஒருபோதும் மறுப்பதில்லை என்றார். நாகரிகமான பெரிய நூல்களே சில வேளைகளில் நன்மைக்கும் தீமைக்கும் வேறுபாடில்லை என்று நஞ்சை ஊட்டுகின்றன என்பது அவர் வாதம். ஒரு நூலின் விலையையோ அட்டையையோ பார்க்காமல், அது தீமையைத் தீமை என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

குருவானவரிடமிருந்து பிறந்த துப்பறிவாளர்

1900களின் தொடக்கத்தில் சொற்பொழிவுக்காக யோக்ஷயர் பகுதிக்குச் சென்றபோது, ஜோன் ஒகொனர் என்னும் அயர்லாந்துக் குருவானவரின் அறிமுகம் கிடைத்தது. இருவரும் மேட்டுநிலமொன்றைக் கடந்து நடந்தவாறே பேசினர். உலகின் தீய பழக்கங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அமைதியான அந்தக் குருவானவருக்குத் தம்மைவிட எவ்வளவோ அதிகம் தெரிந்திருப்பதைக் கண்டு செஸ்டர்டன் திகைத்தார். பின்னர் தங்கியிருந்த வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் குருவோடு உரையாடினர். அவர் வெளியே சென்றதும், மடத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் குருக்களுக்கு உலகத்துத் தீமை எங்கே தெரியப்போகிறது என்று அவர்கள் இரங்கிப் பேசினர். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மாணவரைவிடத் தீமையை அறிந்தவர் அந்தக் குருவே என்பது அவருக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மனிதரின் பாவங்களைக் கேட்பவருக்கு மனித உள்ளத்தில் எது மறைவாயிருக்கும்?

இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவர்தான் பிறவுண் சுவாமி. குள்ளமான உருவம், வட்ட முகம், கைநழுவி விழும் குடை, காகிதப் பொதிகள். பார்த்தால் ஒன்றும் அறியாத அப்பாவி. 1910இல் வெளியான நீலச் சிலுவை என்னும் கதையில், குரு வேடத்தில் வந்த ப்ளாம்போ என்னும் மாபெரும் திருடனை அவர் எளிதில் இனங்கண்டுகொள்கிறார். அந்தப் போலிக் குரு மனித அறிவைப் பழித்துப் பேசினான். உண்மையான குரு அப்படிப் பேசமாட்டார், அது தவறான இறையியல் என்கிறார் பிறவுண் சுவாமி. 1911இல் முதல் தொகுதி வந்தது. 1914, 1926, 1927, 1935ஆம் ஆண்டுகளில் மேலும் நான்கு தொகுதிகள் வந்தன.

மற்றத் துப்பறிவாளர் சிகரட் சாம்பலையும் காலடித் தடத்தையும் ஆராய்வர். பிறவுண் சுவாமியின் வழி வேறு. 1927ஆம் ஆண்டுத் தொகுதியில் தம் இரகசியத்தை அவர் வெளியிடுகிறார். கொலைகாரனின் உள்ளத்துக்குள் தாமே புகுந்து, அதே பாவத்தைச் செய்யக் கூடியவன் நானும்தான் என்று உணரும்வரை காத்திருப்பாராம். குற்றவாளியை வெளியே தேடுமுன் தன்னுள்ளே தேடுவது. இது துப்பறியும் முறை மட்டுமா? ஆன்ம சோதனையும் இதுவேயல்லவா? பழைய திருடன் ப்ளாம்போ மனந்திரும்பி, பின்னர் மனைவி மக்களோடு நேர்மையாக வாழ்கிறான். குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதோடு பிறவுண் சுவாமியின் பணி முடிவதில்லை. அவனை மீட்பதே அவர் நோக்கம்.

பீக்கன்ஸ்பீல்ட் வீடு

1909இல் தம்பதியர் இலண்டனை விட்டுப் பீக்கன்ஸ்பீல்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவரது அன்றாட வாழ்வு வாசிப்பும் எழுத்துமாகவே கழிந்தது. வாசிக்கும்போது முகத்தைச் சுழித்துக்கொண்டும் ஏதேதோ ஒலியெழுப்பிக்கொண்டும் இருப்பார். எங்கே போகவேண்டும் என்பதை அடிக்கடி மறந்துவிடுவார். ஒருமுறை மார்க்கட் ஹாபரோ என்னும் ஊரில் இறங்கி, தாம் அங்கு நிற்பதாகவும், உண்மையில் எங்கே நிற்க வேண்டும் என்றும் மனைவிக்குத் தந்தி அடித்தார். வீட்டுக்கு வரும்படி பிரான்சிஸ் பதில் கொடுத்தார். அங்கிருந்து சரியான ஊருக்கு வழி சொல்வதைவிட, வீட்டுக்கு வரவழைத்து மீண்டும் அனுப்புவதே எளிதாக இருந்ததாம்!

இதைக் கேட்டுச் சிரிக்கும் நாம் பிரான்சிசை மறந்துவிடக் கூடாது. கணவரின் உடை, பணம், பயண ஒழுங்கு யாவற்றையும் அவரே கவனித்தார். சீராக உடுத்தத் தெரியாத கணவருக்கு அகன்ற தொப்பியையும் பெரிய மேலங்கியையும் தெரிவு செய்து, அந்த ஒழுங்கீனத்தையே ஓர் அழகாக மாற்றியவரும் அவரே. அவருடைய உடல்நலமோ நன்றாயில்லை. திருமணத்துக்கு முன்னரே தம் சகோதரியை வீதி விபத்தில் இழந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைப் பேற்றுக்காக ஏங்கினார், சத்திரசிகிச்சையும் செய்துகொண்டார். பேறு கிடைக்கவில்லை.

பிள்ளையில்லாத வீடு என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் இருக்கவில்லை. உறவினரின் பிள்ளைகளும் அயலவரின் பிள்ளைகளும் அங்கே நிறைந்திருந்தனர். தந்தை செய்தது போலவே செஸ்டர்டனும் அட்டை வெட்டி, பொம்மை அரங்கு கட்டி அவர்களுக்கு நாடகம் காட்டினார். பிரான்சிஸ் பிள்ளைகளுக்காகக் கவிதையும் நாடகமும் எழுதினார். அவர் எழுதிய நத்தார்ப் பாடலொன்று இன்றும் ஆங்கிலேயரிடையே பாடப்படுகிறது. 1926இல் செயலாளராக வந்த டொரதி கொலின்ஸ், நாளடைவில் அவர்களுக்கு மகளாகவே ஆனார்.

1914ஆம் ஆண்டின் இறுதியில் செஸ்டர்டன் கடும் நோய்வாய்ப்பட்டு நினைவிழந்தார். அடுத்த ஆண்டின் உயிர்ப்புக் காலம் அளவில்தான் தெளிந்தார். மாதக்கணக்காகப் படுக்கையருகே காத்திருந்தவர் பிரான்சிஸ். 1918ஆம் ஆண்டு டிசெம்பரில், போர் முடிந்த சில வாரங்களில், தம்பி செசில் பிரான்சில் இராணுவ வைத்தியசாலையில் இறந்தார். தம்பி நடத்திய வாரப் பத்திரிகையை விட்டுவிட அண்ணனுக்கு மனம் வரவில்லை. பின்னர் 1925இல் தம் பெயராலேயே ஒரு வார இதழைத் தொடங்கி, இறக்கும்வரை நடத்தினார். அதில் இலாபம் இல்லை, கடனே மிஞ்சியது. வங்கியில் பணம் குறைந்துவிட்டதென்று செயலாளர் சொன்னால், அப்படியானால் இன்னொரு பிறவுண் சுவாமி கதையை எழுத வேண்டியதுதான் என்று எழுத உட்கார்ந்துவிடுவார். பத்திரிகை நடத்தும் எவருக்கும் இந்தச் சங்கடம் நன்கு விளங்கும். துப்பறியும் சுவாமி கதைக்குள் திருடரைப் பிடித்தார். கதைக்கு வெளியே ஒரு பத்திரிகையைப் பட்டினியிலிருந்து காப்பாற்றினார்.

தகரக் கொட்டகையில்

கத்தோலிக்க விசுவாசத்தை நெருங்கிவந்து பல ஆண்டுகளாகியும் செஸ்டர்டன் வாசற்படியிலேயே நின்றார். காரணம் பிரான்சிஸ். கிறிஸ்துவிடம் மீண்டும் தம்மை அழைத்துவந்தவளை வெளியே விட்டுவிட்டுத் தாம் மட்டும் எப்படி உள்ளே போவது? எதற்கும் அவரையே சார்ந்திருந்த மனிதருக்கு, அவரில்லாமல் எடுக்கவேண்டிய ஒரே அடி இதுவாயிற்று.

முதலிற் சொன்ன அந்த ஞாயிறன்று, ஒகொனர் சுவாமியிடம் அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறவுண் சுவாமியை உருவாக்கத் தூண்டிய குருவிடமே அவர் முழந்தாளிட்டார் என்பதைக் கவனியுங்கள். அந்நேரம் பிரான்சிஸ் வெளியே விடுதியின் வாங்கொன்றில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். சடங்கு முடிந்தபின், மறந்துவிட்ட ஏதோவொன்றை எடுக்க மற்றக் குருவானவர் மீண்டும் உள்ளே போனார். அங்கே பிரான்சிஸ் இன்னும் அழுதபடியிருக்க, கணவர் அவரை அணைத்துத் தேற்றியபடி வருவதைக் கண்டார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருவர் இரு சபைகளில் இருந்தனர். செஸ்டர்டன் உலகத்தோடெல்லாம் விவாதித்தவர். மனைவியை மட்டும் வற்புறுத்தவில்லை. 1926இல், அவர்களுடைய திருமண வெள்ளிவிழா ஆண்டில், சகல புனிதர் திருநாளன்று பிரான்சிஸ் தாமாகவே திருச்சபையில் சேர்ந்தார். எவரையும் வாதத்தில் வெல்லக்கூடிய ஒருவர் தம் வீட்டில் மௌனமாகக் காத்திருந்தார் என்பது அவருடைய எண்பது நூல்களிலும் பெரிய சாதனை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏன் கத்தோலிக்கரானார் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை சுருக்கமானது: தம் பாவங்களைப் போக்கிக்கொள்வதற்காக. எத்தனையோ துப்பறியும் நாவல்களை வாசித்தவர், கடைசியில் தேடப்படும் குற்றவாளி தாமே என்று கண்டுகொண்டார். அவனுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

மனமாற்றத்துக்குப் பின்னும் அவர் மர்ம நாவல்களை மூடிவைக்கவில்லை. 1930இல் இலண்டனில் துப்பறியும் கதாசிரியர் கழகம் உருவானபோது அவரே முதல் தலைவரானார். அகதா கிறிஸ்டி, டொரதி சேயர்ஸ் ஆகியோர் அதன் உறுப்பினர். துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை 1929இல் வகுத்த றொனால்ட் நொக்ஸ் சுவாமியும் அதில் இருந்தார். வாசகரிடம் முக்கிய தடயத்தை மறைப்பதில்லை, தற்செயலாலும் மந்திரத்தாலும் குற்றத்தைத் துலக்குவதில்லை என்று புதிய உறுப்பினர் சத்தியம் செய்யவேண்டும். விளையாட்டுத்தான், ஆனால் வாசகரை ஏமாற்றாத நேர்மை அந்த விளையாட்டிலும் பேணப்பட்டது.

குறையும் நிறைவும்

செஸ்டர்டனைப் புனிதராகத் தீட்டிக்காட்ட நாம் முற்படவில்லை. யூத மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் சில இன்று வாசிப்போர் மனத்தைப் புண்படுத்துபவை. ஹிட்லரின் யூத விரோதக் கொடுமையை 1933 முதலே கண்டித்தவர் அவர் என்பது உண்மை. ஆயினும் அந்தப் பழைய வரிகளை அது அழித்துவிடாது. 2019இல் நோதாம்டன் மறைமாவட்ட ஆயர், செஸ்டர்டனைப் புனிதராக்கும் முயற்சியைத் தொடங்குவதில்லை எனத் தீர்மானித்தபோது எடுத்துக்காட்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. குற்றத்தைத் தன்னுள்ளே தேடு என்று கற்பித்தவரும் தம்முள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. நம்மில் யார் கண்டுபிடித்தோம்?

1936ஆம் ஆண்டில் லூர்து, லிசியே திருத்தலங்களைத் தரிசித்துத் திரும்பிய சிறிது காலத்தில் அவர் நோயுற்றார். படுக்கையருகே டொமினிக்கன் சபைக் குரு வின்சென்ற் மக்னப், கிருபைதயாபத்து மந்திரத்தை இலத்தீனில் பாடினார்; மேசையிலிருந்த எழுதுகோலை எடுத்து முத்தமிட்டார். நினைவு சற்றுத் தெளிந்த வேளையில் செஸ்டர்டன் மனைவியையும், மகளாகிவிட்ட டொரதியையும் அன்போடு விளித்தார். யூன் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரிடம் சென்றார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் நடந்த இரங்கல் திருப்பலியில் மறையுரை ஆற்றியவர் நொக்ஸ் சுவாமி. பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் செஸ்டர்டனைக் கத்தோலிக்க விசுவாசத்தின் பாதுகாவலர் எனப் போற்றித் தந்தி அனுப்பினார். பிரான்சிஸ் 1938ஆம் ஆண்டு டிசெம்பரில் கணவரைப் பின்தொடர்ந்தார்.

அதே 1936இல் வெளிவந்த சுயசரிதையின் கடைசி அத்தியாயத்தில், தந்தை காட்டிய பொம்மை அரங்கின் பொன் திறப்பை அவர் மீண்டும் நினைவுகூர்ந்தார். குழந்தைப் பருவத்தில் கண்ட அந்தத் திறப்பு எதைத் திறக்க வந்தது என்பது, திருச்சபைக்குள் வந்தபின்னர்தான் அவருக்கு முழுமையாக விளங்கியது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒளித்துவைத்து வாசிக்கும் புத்தகத்தைப் பறித்தெறிய வேண்டாம். வாங்கி, நீங்களும் வாசித்துப் பாருங்கள். அதில் தீமை தீமையாகவே காட்டப்படுகிறதா? குற்றம் செய்தவனும் மனிதனாகவே மதிக்கப்படுகிறானா? ஆமெனில், இரவுச் செபம் முடிந்தபின் அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள். இல்லையெனில், ஏன் வேண்டாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கதை வாசிப்பதால் வீட்டுக் கடமை மற்றொருவர் தோளில் ஏறாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்; செஸ்டர்டனுக்கு ஒரு பிரான்சிஸ் இருந்தார், எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அகப்பட்டது நாவல்தான். அதோடு அவர் தேடலை நிறுத்திவிடவில்லை. செபப் புத்தகமும் அதே பைகளுக்குள்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் பையிலும் அது இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோராகிய உங்கள் பொறுப்பு.